பால்கனி அறை, இரண்டு பேர்

"என் மனைவி ஓடிப்போயிட்டா" என்று பல் டாக்டர் சொன்னபோது அவருடைய வலது கை ஒரு நோயாளியின் வாய்க்குள் இருந்தது.

நோயாளி "ஆ?" என்றார்.

"நீங்க அசையாதீங்க. பெரிசா காட்டுங்க, பார்க்கலாம்" என்று அவரை அடக்கிவிட்டு, டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் வருது. அதுக்குள்ள அந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியணும்."

எங்கள் என்றால், நானும் சீஃபும். சீஃப் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்மணி. ஊரே அழுதாலும் 'இதில் எவ்வளவு நிஜம்?' என்று கேட்கிற ரகம். நான் அவருடைய உதவியாளன். எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. பெற்றோர் வைத்த பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கல்யாண கேஸ் என்றாலே சீஃப் காத தூரம் ஓடுவார். ஆனால் போன மாதம்தான் என் கடைவாய்ப் பல்லை இந்த டாக்டர் பிடுங்கியிருந்தார். அந்தப் பழக்கத்தில் காலையில் எனக்குப் போன் செய்துவிட்டார். பிடுங்கினவருக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெளியே உக்கார்ந்து பேசலாமே டாக்டர்" என்றார் சீஃப், நோயாளியைப் பார்த்தபடி.

"இவரா? இவருக்கு வாயில பஞ்சு இருக்கு" என்றார் டாக்டர்.

அப்போதே எனக்கு இந்த மனிதரைப் பற்றி ஒன்று பிடிபட்டது. எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சை வைத்துவிட்டே இருபத்தைந்து வருடம் பேசிப் பழகியவர். பதில் என்று ஒன்று வரும் என்ற எதிர்பார்ப்பே அவரிடம் இல்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினார். கப்பலில் போயிருந்த அவருடைய பழைய நோயாளி ஒருவர் அனுப்பிய படம். கீழே ஒரு வரி: 'டாக்டர், உங்க வீட்டம்மாவைப் பார்த்தேன். உங்களைத்தான் காணோம்!'

படத்தில் ஒரு சாப்பாட்டுக் கூடம். ஜன்னலோர மேஜை. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையில் இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ், நடுவில் ஒரு பெரிய கேக். கேக்கின் மேல் சிவப்புக் க்ரீமில் 'இனிய தேனிலவு' என்று எழுதியிருந்தது. எதிர் நாற்காலியில் ஆள் இல்லை. ஒரு கைப்பை மட்டும் இருந்தது.

"அவன் கை கழுவப் போயிருப்பான்" என்றார் டாக்டர். "தேனிலவாம்! கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இந்த வயசுல எனக்கு எப்பேர்ப்பட்ட அவமானம் பாருங்க."

"அவங்க கிளம்பும்போது என்ன சொல்லிட்டுப் போனாங்க?" என்று கேட்டார் சீஃப்.

"ஏதோ சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன். தங்கச்சி வீட்டுக்குப் போறான்னு நினைச்சேன்."

"ஆறு நாளா போன் பண்ணலையா?"

"அவ பண்ணுவான்னு இருந்தேன்."

சீஃப் படத்தை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் காட்டினார். இரண்டு கிளாஸின் விளிம்பிலும் உதட்டுச் சாயம். ஒரே சிவப்பு.

"உங்க மனைவி லிப்ஸ்டிக் போடுவாங்களா டாக்டர்?" என்றேன்.

"சேச்சே. அதெல்லாம் கிடையாது."

படத்தில் இருந்த பெண்மணியின் உதடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டேன். சீஃப் என் காலை மிதித்தார்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துப் போட்டார். சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர்களுக்கு அடியில் கிடைத்ததாம். ஒரு டிராவல் ஏஜென்ட்டின் கார்டு. பின்பக்கம் பேனாவில் எழுதியிருந்தது: 'பால்கனி அறை, இரண்டு பேர். விசேஷம்: தேனிலவு.'

"இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? காலையிலேயே வீட்டுப் பூட்டை மாத்திட்டேன். புதுச் சாவி என் பையில இருக்கு. நாலு மணிக்கு ஹார்பருக்குப் போய், ரெண்டு பேரையும் நிக்க வெச்சு, அவன் பேரைச் சொல்லிக் கேக்கப்போறேன். அப்படியே அவன்கூடவே போகட்டும்."

வரவேற்பில் இருந்த பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "டாக்டர், நாலு மணி பேஷண்ட்டை நாளைக்கு மாத்திடவா?"

"பார்க்கலாம்" என்றார் டாக்டர். அவள் பெருமூச்சு விட்டபடி கதவைச் சாத்தினாள்.

"அவங்க பக்கம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலாமே, பூட்டறதுக்கு முன்னாடி?" என்றார் சீஃப்.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

*

"அந்த நாற்காலியில ஆளே இல்லை" என்றார் சீஃப், காரில் ஏறியதும்.

"அதான் கை கழுவப் போயிட்டானாமே."

"காதலனோட சாப்பிட வந்த பொம்பளை அவன் நாற்காலியில கைப்பையை வைப்பாளா வாயாடி? ரெண்டு கிளாஸையும் அவங்களேதான் குடிச்சிருக்காங்க. ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு பேர் அறை? அதை அந்த ஏஜென்ட்தான் சொல்லணும்."

"சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. அதனால நாம கப்பல்ல போகப்போறோம். நீ என் புருஷன்."

"சீஃப், எனக்கு ஏற்கெனவே ஒரு விவாகரத்து ஆகியிருக்கு."

"அப்போ அனுபவம் இருக்கு. வா."

ஏஜென்ட்டின் கடை ஒரு சலவைக் கடைக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் வெயிலில் வெளுத்துப்போன ஒரு கப்பல் படம். மேஜைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, யாருடைய பெட்டியோ தொலைந்ததற்காக யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

நான் கணவனானேன். "கப்பல்ல போகலாம்னு ஆசை. நெட்ல நானே புக் பண்ணிக்குவேன். ஏஜென்ட்கிட்ட வந்தா எங்களுக்கு அப்படி என்ன கிடைக்கும்?"

"எல்லாரும் கேக்கறதுதான்" என்றார். "விலை ஒண்ணுதான், அதுல ஒரு பைசா வித்தியாசம் இருக்காது. எனக்குக் கம்பெனி கமிஷன் கொடுக்கும். சலுகைன்னு பார்த்தா, கப்பலுக்குள்ள செலவு பண்ண கொஞ்சம் கிரெடிட் போட்டுத் தருவேன். ஜன்னல் அறை எடுத்தா, காலி இருந்தா பால்கனி அறையா மாத்தச் சொல்லிக் கேப்பேன். பேர் மாத்தணும்னா ஒரு வாரம் முன்னாடி வரைக்கும் சும்மாவே மாத்தித் தருவேன். பொய் சொல்ல மாட்டேன், இதுல பாதி நெட்லயும் கிடைக்கும்."

"மீதிப் பாதி?"

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா, கம்பெனிக்குப் போன் பண்ணினீங்கன்னா பாட்டுப் போடுவான். எனக்குப் பண்ணினீங்கன்னா ஹலோ சொல்வேன். அவ்வளவுதான் மீதிப் பாதி."

என் கல்யாணத்தையும் இந்த அம்மா மூலமாகப் பண்ணியிருக்கலாம் என்று தோன்றியது. அங்கே கடைசி வரைக்கும் பாட்டுத்தான் போட்டார்கள்.

"கேக் உண்டா?" என்று கேட்டார் சீஃப், சாதாரணமாக.

"உண்டே! விசேஷம்னு ஒரு கட்டம் இருக்கு. பிறந்த நாள்னா சின்னக் கேக். கல்யாண நாள்னா நடுத்தரம். தேனிலவுன்னு போட்டா பெரிய கேக், ஜன்னலோர மேஜை, அறையில அலங்காரம். அதனால நான் எல்லாருக்கும் தேனிலவுன்னுதான் போடுவேன். போன மாசம் எழுபது வயசு ஜோடிக்குப் போட்டேன். அந்தப் பெரியவர் இன்னும் வெக்கப்பட்டுட்டிருக்கார்."

கேஸில் பாதி அங்கேயே கரைந்தது. தேனிலவு என்பது ஒரு கட்டத்தில் போடும் டிக் மார்க். டாக்டர் அதற்காக வீட்டுப் பூட்டை மாற்றியிருக்கிறார்.

"சரி, யார் நீங்க?" என்றார் ஏஜென்ட் திடீரென்று.

"நாங்களா? நாங்க ஜோடி" என்றேன்.

"ஜோடியா வர்றவங்க அந்த நாற்காலியில உக்கார்ந்ததும், நீ சொல்லு, நீ சொல்லுன்னு ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க. இல்லாட்டி முறைச்சுக்குவாங்க. நீங்க ரெண்டு பேரும் வந்ததிலிருந்து என் மேஜை மேல இருக்கிற ஃபைலையே பார்த்துட்டிருக்கீங்க. அதுலயும் இந்தம்மா உங்க காலை ரெண்டு தடவை மிதிச்சாங்க. பொண்டாட்டி அப்படி மிதிக்க மாட்டா, முதலாளிதான் மிதிப்பாங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. சீஃப் மட்டும் சிரித்தார். பொய்யில் மாட்டிக்கொண்டால் உடனே நிஜத்துக்குத் தாவிவிடுவது அவர் வழக்கம்.

"இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு கப்பல் வருது. அதுல உங்க வாடிக்கையாளர் ஒரு அம்மா இருக்காங்க. அவங்க ஒரு ஆளோட ஓடிப்போயிட்டாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் வீட்டுப் பூட்டையே மாத்திட்டார். அவங்க இறங்கும்போது நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தக் காத்திட்டிருக்கார். அந்த ரெண்டாவது ஆள் யாருன்னு தெரிஞ்சா நான் தடுக்க முடியும்."

ஏஜென்ட் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "யாரு, பார்க்கலாம் சாரா?" என்றார்.

"யாரு?"

"பல் டாக்டர்தானே? அவருக்கு நான் வெச்ச பேரு அது."

ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவி மேஜையில் வைத்தார். இரண்டு பயணிகள். முதல் பெயர் அந்த அம்மாவுடையது. இரண்டாவது பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தது.

நம்பினால் நம்புங்கள், அதே பல் டாக்டரின் பெயர்தான்.

"பயணம் போற ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே ஒரு தடவை பேசிடுவேன். என் வேலை அப்படி" என்றார் ஏஜென்ட். ஒரு நோட்டைத் திறந்து விரலை வைத்துப் படித்தார். "முதல் தடவை போன் பண்ணி, 'சார், கப்பல் பயணம் விஷயமா, தேதி உங்களுக்கு ஒத்து வருமா'ன்னேன். 'பார்க்கலாம்'னார். ரெண்டாவது தடவை, 'சாப்பாட்டுல ஏதாவது ஒத்துக்காதா சார்?' 'பார்க்கலாம்.' மூணாவது தடவை, 'காலையில பத்து மணிக்கு ஹார்பர்ல இருக்கணும் சார், மறந்துடாதீங்க.' அதுக்கும் அதேதான். நாலாவது தடவை கேட் மூடறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி."

"நீங்க ஹார்பருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார் சீஃப்.

"முதல் தடவை போறவங்களை ஏத்தி விடப் போவேன். அந்த அம்மா ரெண்டு டிக்கெட்டையும் கையில வெச்சிட்டு வாசலையே பார்த்துட்டிருந்தாங்க. புதுசா லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுட்டு. எனக்கு மனசு கேக்காம நானே போன் பண்ணினேன். 'பேஷண்ட் இருக்காங்க, பார்க்கலாம்'னு வெச்சுட்டார்."

பக்கத்துக் கடையில் சாவி வெட்டும் சத்தம் கேட்டது.

"பேரை மாத்தித் தரேன், உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்கன்னு அவங்ககிட்ட முன்னாடியே சொன்னேன். 'இருக்கட்டும்மா, அவர் வராட்டியும் அவர் பேராவது என்கூட வரட்டும்'னாங்க. கடைசியில, 'ஆள் வரலைன்னு கப்பல்ல சொல்லிடவா, இல்லாட்டி தினமும் ரெண்டு தட்டு வைப்பாங்களே'ன்னேன். 'வைக்கட்டும். ரெண்டு பேர் கேக்கையும் நானே சாப்பிடறேன்'னு சிரிச்சாங்க. சிரிச்சிட்டு, கண்ணைத் துடைச்சிட்டு உள்ள போயிட்டாங்க."

தாளை ஜெராக்ஸ் எடுத்து சீஃபிடம் நீட்டினார். "இன்னொண்ணு. எல்லாருக்கும் பொய்யாத்தான் தேனிலவுன்னு போடுவேன்னு சொன்னேன்ல? இவங்க மட்டும், 'நீங்க எழுதினது பொய்யில்லைம்மா. கல்யாணமான மறுவாரமே கிளினிக் திறந்துட்டார். இதுதான் எங்களுக்கு முதல் தடவை'ன்னாங்க."

காரில் திரும்பும்போது நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை. சீஃப் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"என்ன வாயாடி?"

"ஒண்ணுமில்லை சீஃப். அந்த டாக்டர் 'பார்க்கலாம்'னு வெச்சிருக்கார். நான் 'அப்புறம்'னு வெச்சிருந்தேன்."

*

வருகைக் கூடத்தில் இரும்புத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஐம்பது அறுபது பேர் காத்திருந்தார்கள். பல் டாக்டர் முன்வரிசையில் நின்றிருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. சண்டைக்கு இவ்வளவு அலங்காரமா என்று நினைத்தேன். ஹார்பருக்கு இப்படி ஆறு நாள் முன்னால் வந்திருந்தால் கதையே வேறு.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் பரபரப்பாக.

"பிடிச்சோம்."

"யாரு அந்த ராஸ்கல்?"

சீஃப் தாளைக் கொடுத்தார். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"இது என் பேரு."

"ஆமா."

"எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

"நாலு தடவை போன் வந்திருக்கு. அவங்க வீட்டுல எத்தனை தடவை சொன்னாங்களோ, அதை நீங்கதான் சொல்லணும்."

"அது... ஏதோ விளம்பரக் கால்னு நினைச்சேன்" என்றார். குரல் பாதியாகிவிட்டது. "அப்போ அவகூட யாருமே இல்லையா?"

"யாருமே இல்லை" என்றேன் நான். "அதுக்காக சந்தோஷப்பட்டுடாதீங்க டாக்டர்."

அவர் சட்டைப் பையிலிருந்து புதுச் சாவிக் கொத்தை எடுத்தார். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றப் பார்த்தார். எத்தனையோ பேர் பல்லை அலுங்காமல் கழற்றிய விரல்களுக்கு அந்தச் சின்ன வளையம் பிரியவில்லை.

"சாவி இருக்கட்டும். முதல்ல மன்னிப்புக் கேளுங்க" என்றார் சீஃப்.

"பார்க்க..." என்று தொடங்கிய டாக்டர் சட்டென்று நிறுத்தினார். தன் வாயில் வருகிற அந்த வார்த்தை முதல் தடவையாக அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போயிற்று.

கதவு திறந்தது. வெயிலில் கறுத்த முகங்கள், தள்ளுவண்டிகள், பெட்டிகள். கடைசியில் அந்த அம்மா ஒரு சிறிய பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக வந்தார். அதே சிவப்பு உதட்டுச் சாயம். கணவரைப் பார்த்ததும் நின்றார். அவர் முகத்தில் அதிர்ச்சியோ பயமோ இல்லை. வந்திருக்கிறாரே என்ற ஆச்சரியம் மட்டும் ஒரு கணம் வந்து போனது.

டாக்டர் தடுப்பைச் சுற்றி ஓடினார். நாங்கள் பின்னால் நின்றுகொண்டோம்.

"வந்துட்டியா?" என்றார்.

இருபத்தைந்து வருடத்துக்கு அப்புறம் ஒரு மனிதன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள். எனக்கு அவர் மண்டையில் ஒன்று போடலாம் போலிருந்தது.

அந்த அம்மா பெட்டியின் வெளிப் பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கப்பல் பெயர் போட்ட வெள்ளைச் செருப்பு ஒரு ஜோடி. உறை பிரிக்கப்படவில்லை.

"இது உங்களுது. உங்க பேருக்குக் கொடுத்தாங்க."

டாக்டர் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் சாவியுமாக நின்றார். "வீட்டுப் பூட்டை மாத்தியிருக்கேன். பழசு சரியில்லை, அதான்..." என்று ஆரம்பித்தார். பொய். அந்த அம்மாவின் பார்வை சாவிக் கொத்துக்குப் போயிற்று, பிறகு எங்கள் இருவருக்கும், பிறகு சாவியோடு சேர்ந்து டாக்டர் கையில் மடங்கியிருந்த ஜெராக்ஸ் தாளுக்கும். அது என்ன தாள் என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. பூட்டு ஏன் மாறியது என்பதும் அதோடு விளங்கியிருக்கும்.

"நீ... நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்" என்றார் டாக்டர். "தப்புதான். வா, வீட்டுக்குப் போகலாம். அடுத்த வருஷம் நிச்சயமா ரெண்டு பேருமா போவோம். நானே லீவு போடறேன். என்ன, சரிதானே? வர்றேதானே?"

அந்த அம்மா அவரை நன்றாக நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

"பார்க்கலாம்" என்றார்.

பெட்டியை இழுத்துக்கொண்டு டாக்ஸி வரிசையை நோக்கி நடந்தார். தன் போனை எடுத்து, "நான் இறங்கிட்டேன்மா" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஏஜென்ட்டாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் ஹலோ சொல்லியிருப்பார். ஒரு டாக்ஸி வந்தது, ஏறினார், போய்விட்டார்.

டாக்டர் எங்களிடம் வந்தார். செருப்பு உறையை நெஞ்சோடு பிடித்திருந்தார். சீஃப் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பார்க்கலாம்னு சொன்னா" என்றார். "அப்படின்னா வருவான்னுதானே அர்த்தம்?"

சீஃப் காரை நோக்கி நடக்க ஆரம்பித்தார். வாயாடி என்று பெயர் வாங்கிய நானும் வாயைத் திறக்காமல் அவர் பின்னால் போனேன்.